சொல்லிழந்தவரின் ‘ஆம்’

அஃபேசியா என்பது மூளையில் மொழியைக் கையாளும் பகுதிகள் சேதமடைவதால் வரும் குறை. பேசுவது, பிறர் பேச்சைப் புரிந்துகொள்வது, படிப்பது, எழுதுவது ஆகிய நான்கும் ஆளுக்கு ஆள் வெவ்வேறு அளவில் பாதிக்கப்படும். பெரும்பாலும் பக்கவாதமே காரணம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஆரம்ப நாட்களில் இது இருக்கும். நாக்கும் உதடும் தளர்ந்து பேச்சு குழறுவது வேறு. அஃபேசியாவில் நாக்கு நன்றாகவே அசையலாம். சொல்தான் அகப்படாது, அல்லது கேட்டது ஒன்றிருக்க வேறொரு சொல் வந்து விழும். புத்தி பேதலிப்பதும் வேறு. ஆனால் பார்ப்பவர் இந்த மூன்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்.

இவர்களுடைய மொழியை அளக்கத் தேர்வுகள் பல உண்டு. படத்தைக் காட்டிப் பெயர் கேட்பார்கள், வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள், கட்டளையிட்டுச் செய்ய வைப்பார்கள். இப்படிப்பட்ட தேர்வில் பூஜ்யத்தை ஒட்டி மதிப்பெண் வாங்கிய ஒருவர், வீட்டில் பால் கணக்கைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு, காலண்டரில் பால் வராத நாட்களை விரலால் தொட்டுக் காட்டி, கூடுதலாக எழுதிய தொகையைத் திருத்த வைத்துவிடுவார். இன்னொருவர் தேர்வில் பாதிக்கு மேல் வாங்கியிருப்பார். விருந்தாளி வந்தால் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவார். அன்றாடத் தொடர்பாற்றலைத் தனியாக அளக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த முரண்பாட்டிலிருந்து பிறந்தது. அளக்கப் போன இடத்தில் தத்துவக் கேள்வி ஒன்று எழுந்தது: ஒருவர் நினைத்தது இன்னொருவருக்குப் போய்ச் சேர்வது யாருடைய ஆற்றல்? சொன்னவருடையதா, புரிந்துகொண்டவருடையதா? சம்மதம், உயில், மணமுறிவு, வழிபாடு ஆகியவற்றுக்கெல்லாம் ஒருவருடைய ‘ஆம்’ உண்மையில் அவருடையதுதானா என்பது தெரிந்தாக வேண்டும். எனவே இதைப் படிப்பாளிகளின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது.

நவீன மருத்துவத்தில் இந்தக் கேள்விக்கான சான்று முதல் நாளிலேயே கிடைத்துவிட்டது. 1861-ல் பாரீஸை அடுத்த பிசெத்ர் மருத்துவமனையில் பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவர் இரண்டு நோயாளிகளை விவரித்தார். ‘தான்’ என்ற ஒரே அசையைச் சொல்லிக்கொண்டிருந்த லெபோர்ன் உலகப் புகழ் பெற்றுவிட்டார். இரண்டாமவரான லெலோங் என்ற 84 வயது முதியவரைப் பற்றிப் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை. தொடர்பாற்றல் என்ற கோணத்தில் அவர்தான் முக்கியமானவர். அவரிடம் எஞ்சியிருந்தவை ஐந்து சொற்கள்: ஆம், இல்லை, எப்போதும், சிதைந்த உச்சரிப்பில் மூன்று, தம் பெயரின் ஒரு பாதி. எந்த எண்ணைக் கேட்டாலும் வாயில் ‘மூன்று’தான் வரும். எத்தனை பிள்ளைகள் என்று புரோக்கா கேட்டார். ‘மூன்று’ என்று சொல்லி நான்கு விரல்களைக் காட்டினார் லெலோங். ஆண் எத்தனை? ‘மூன்று’, இரண்டு விரல். பெண் எத்தனை? ‘மூன்று’, மறுபடி இரண்டு விரல். கடிகாரத்தைக் காட்டி மணி கேட்டபோது ‘மூன்று’ என்றபடி பத்து விரல்களையும் விரித்தார். அப்போது மணி பத்து. முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்றதற்கு ‘எப்போதும்’ என்று சொல்லிக்கொண்டே மண்வெட்டியைப் பிடித்து மண்ணை வாரி எறிவதுபோல் கையை அசைத்தார். அவர் மண் வெட்டும் தொழிலாளி.

வாய்மொழியை மட்டும் எழுதிக்கொள்ளும் தேர்வாளர் அத்தனை எண்களுக்கும் தவறு போட்டிருப்பார். புரோக்கா விரல்களையும் எழுதிக்கொண்டார். அதனால்தான், கருத்துக்கும் குறிக்கும் உறவு ஏற்படுத்தும் பொதுவான மொழித்திறன் ஒன்று, சொல்லை உச்சரித்து வெளியிடும் திறன் வேறொன்று என்ற முடிவுக்கு அவரால் வர முடிந்தது. பின்னால் வந்த நூறாண்டுகளில் மூளையின் எந்த மடிப்பு எந்தத் திறனுக்கு என்ற ஆராய்ச்சி பெரிதாக வளர்ந்தது. விரல்களைக் கவனிக்கும் பழக்கம் அதே வேகத்தில் வளரவில்லை.

சொல் இல்லாமல் எண்ணம் உண்டா என்பது இதற்கு முந்தைய, இன்னும் பழைய வழக்கு. ஐரோப்பாவில் தத்துவஞானி தெகார்த் 1637-ல், சொற்களைக் கோத்துத் தம் எண்ணத்தைப் பிறர் அறியச் செய்ய வல்லவன் மனிதன் மட்டுமே, இயந்திரத்தாலும் விலங்காலும் அது ஆகாது என்றார். மொழி அங்கே மனத்துக்கு அடையாளச் சீட்டு ஆகிவிட்டது. ஆனால் பிறவியிலேயே காது கேளாதவர்களும் வாய் பேசாதவர்களும் தாமாகவே சைகைகளை உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்பதையும் அவர் அதே இடத்தில் குறித்துவைத்தார். இந்த இரண்டாம் பாதியை மறந்தவர்களே அதிகம்.

இந்திய மரபில் இலக்கண அறிஞர் பர்த்ருஹரி இன்னும் கறாரானவர். சொல்லின் ஊடுருவல் இல்லாத அறிவு உலகில் கிடையாது என்பது அவருடைய வாக்கியபதீயத்தின் நிலைப்பாடு. ஆனால் அவர் சொல் என்று குறித்தது வாயில் ஒலிப்பதை மட்டுமல்ல. சைவ சித்தாந்தம் இதை நான்கு வாக்குகளாக வகுத்தது: சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி. செவிக்குக் கேட்பது வைகரி. எழுத்துகள் உள்ளே வரிசைப்பட்டு, வெளியே ஒலிக்காமல் நிற்பது மத்திமை. எழுத்து வேறு வேறாகப் பிரியாமல், மயில் முட்டையின் நீருக்குள் தோகையின் வண்ணங்கள் அடங்கியிருப்பதைப்போல் இருப்பது பைசந்தி. அதற்கும் அடியில் சூக்குமை. சிவஞான சித்தியார் என்ற சித்தாந்த நூல் இதை மருத்துவமாகச் சொல்லவில்லை. உயிர் எப்படி அறிகிறது என்பதற்கு விளக்கமாகச் சொன்னது. மூளைப் பகுதிகளுக்கு இந்தப் பெயர்களைச் சூட்டி, அன்றே அறிந்தார்கள் என்று மார்தட்டுவது வீண் வேலை. ஆனாலும் வைகரி போனதாலேயே வாக்கு முழுவதும் போய்விட்டதாகக் கொள்ள முடியாது என்ற வாதத்துக்கு இந்தப் பகுப்பில் இடம் இருக்கிறது. தெகார்த்தின் அடையாளச் சீட்டில் அவ்வளவு இடம் இல்லை.

ஆய்வுக்கூடச் சான்றும் அந்தப் பக்கமே சாய்கிறது. ரோஸ்மேரி வார்லியும் சகாக்களும் 2005-ல் இங்கிலாந்தில் கடும் அஃபேசியா உள்ள மூன்று ஆண்களைச் சோதித்து வெளியிட்டார்கள். சிங்கம் மனிதனைக் கொன்றது, மனிதன் சிங்கத்தைக் கொன்றான் என்ற இரு வாக்கியங்களில் யார் யாரைக் கொன்றார் என்பதை அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. ஆனால் 59-லிருந்து 13-ஐக் கழிப்பதும் 13-லிருந்து 59-ஐக் கழிப்பதும் வேறு வேறு என்பது தெரிந்தது. அடைப்புக்குறி போட்ட கணக்குகளையும் சரியாகச் செய்தார்கள். எதை எதோடு எந்த வரிசையில் சேர்ப்பது என்ற அறிவு, மொழியின் இலக்கணம் சிதைந்த பின்னும் வேறொரு துறையில் நிற்கிறது. ரஷ்ய இசையமைப்பாளர் விஸ்ஸாரியோன் ஷெபாலின் பக்கவாதத்தால் பேச்சும் புரிதலும் பெரிதும் பழுதான பின் தம் ஐந்தாவது சிம்பனியை எழுதி முடித்தார். நரம்பியல் அறிஞர் லூரியா அவரை ஆராய்ந்து பதிவு செய்தார். இவற்றை வைத்து அஃபேசியா உள்ள எல்லோருடைய சிந்தனையும் முழுசாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மொழித்தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு சிந்தனைக்கு மதிப்பெண் போட முடியாது என்பது மட்டும் உறுதியாகிறது.

தம்மைத் தாமே சோதித்துக்கொண்ட நோயாளி ஒருவரும் வரலாற்றில் உண்டு. 1783 ஜூன் 17 விடியுமுன், லண்டனில் அகராதி அறிஞர் சாமுவேல் ஜான்சன் தலையில் ஏதோ குழப்பத்தோடு விழித்தார். அப்போது அவருக்கு 73 வயது. உடலுக்கு எது வந்தாலும் அறிவை மட்டும் விட்டுவை என்று கடவுளை வேண்டினார். அந்த வேண்டுதலையே லத்தீன் செய்யுளாக யாத்துப் பார்த்தார். வரிகள் அவ்வளவு நன்றாக அமையவில்லை. ஆனால் நன்றாக இல்லை என்பது தமக்குத் தெரிந்தது, ஆகவே அறிவு பழுதாகவில்லை என்று முடிவு செய்தார். பிறகுதான் பேச்சு போயிருப்பதைக் கண்டார். எழுத உட்கார்ந்தால் கை வேண்டாத எழுத்தைப் போட்டது. இரண்டு நாள் கழித்து எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் விவரித்துவிட்டு, கிறிஸ்தவர்களின் பரமண்டல செபத்தை ஓரளவு தெளிவாகச் சொல்லும் அளவுக்குக் குரல் திரும்பியதையும் குறிப்பிட்டார்.

இங்கே இரண்டு செபங்கள் இருக்கின்றன, இரண்டும் ஒன்றல்ல. முதலாவது புதிதாகக் கட்டியது. இரண்டாவது மனப்பாடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய நரம்பியலர் ஹூலிங்ஸ் ஜாக்சன் இந்த வேறுபாட்டைக் கோட்பாடாக்கினார். புதிதாக ஒன்றைத் தெரிவிக்கக் கட்டும் பேச்சு ஒரு வகை. வசை, வாழ்த்து, எண்ணிக்கை, கிழமை வரிசை, செபம் போல ஒரே மூச்சில் தானாக வருவது வேறொரு வகை. அஃபேசியா முதல் வகையைப் பறித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவைப்பதுண்டு. பெண்டாட்டி பெயரைச் சொல்ல முடியாதவர் ‘முருகா’ என்பார்; எதைக் கேட்டாலும் ‘முருகா’ என்பார். சொந்தமாக ஒரு வாக்கியம் வராதவர், பழகிய பக்திப் பாடலை அடி பிசகாமல் பாடிவிடுவார். வீட்டார் கண் கலங்கி, பேச்சு வந்துவிட்டது என்பார்கள். சிகிச்சையாளர் அதைத் ‘தானியங்கிப் பேச்சு’ என்ற கட்டத்தில் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போவார்.

அந்த ‘முருகா’ வழிபாடுதானா? சமயங்கள் இதற்கு ஒரே பதில் தருவதில்லை. நாமத்தை உச்சரிப்பதே போதும், பொருள் உணர்ந்தாலும் உணராவிட்டாலும் பலன் உண்டு என்ற மரபு இந்தியாவில் வலுவாக இருக்கிறது. கருத்து ஒன்றாத உச்சரிப்பு வெறும் ஒலி என்ற மரபும் அதே அளவு வலுவானது. அளவீட்டாளருக்கு இந்தத் தகராறில் தீர்ப்புச் சொல்லும் தகுதி கிடையாது. அவரால் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: அந்தச் சொல் தண்ணீருக்கும் வலிக்கும் வெவ்வேறு இழுப்பில், வெவ்வேறு ஏற்ற இறக்கத்தில் வருகிறதா என்று கவனிக்கலாம். அப்படி வந்தால், அதன் மூலம் அவர் எதையோ சொல்கிறார். வீட்டார் இதைப் பெரும்பாலும் முன்னமே பிடித்துவிடுகிறார்கள். தேர்வுத்தாளில்தான் அதற்குக் கட்டம் இருப்பதில்லை.

பேச்சு போனவரின் சம்மதத்தைச் சோதிக்கும் முறை பற்றிய மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று யூத சமயச் சட்டத்தில் இருக்கிறது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில், மணமுறிவுச் சீட்டுகளைப் பற்றிய கித்தின் என்ற பகுதியின் ஏழாம் அதிகாரம் ஒரு நிலையை எடுத்துக்கொள்கிறது. ஒருவர் வாயடைத்துப் போய்விட்டார். உன் மனைவிக்கு மணமுறிவுச் சீட்டு எழுதட்டுமா என்று கேட்கிறார்கள். அவர் தலையசைக்கிறார். அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, மூன்று முறை சோதிக்க வேண்டும். இல்லை என்பதற்கு இல்லை என்றும், ஆம் என்பதற்கு ஆம் என்றும் பதில் வந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்கிறது சட்டம். இந்த நிலையில் மணமுறிவு எதற்கு என்று தோன்றலாம். பிள்ளையில்லாமல் கணவன் இறந்தால் அவன் சகோதரனுக்கு மனைவி கட்டுப்பட்டவளாகும் வழக்கம் இருந்தது; அதிலிருந்து அவளை விடுவிக்க இது ஒரு வழி. ஒரு தலையசைப்பில் ஒரு பெண்ணின் மீதி வாழ்க்கை அடங்கியிருந்தது.

மூன்று முறை கேட்டால் போதுமா என்று, மிஷ்னாவை விரித்துரைக்கும் பாபிலோனியத் தல்மூத் இந்த விதியைக் குடைகிறது. ஒருவேளை ‘இல்லை, இல்லை’ என்ற அசைவோ ‘ஆம், ஆம்’ என்ற அசைவோ அவரைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். எதைக் கேட்டாலும் அதுவே வரலாம். ஆகவே விட்டு விட்டுக் கேள். அந்த அசைவே விட்டு விட்டு வருவதாக இருந்தால்? அப்படியானால் ‘இல்லை’ வரவேண்டிய கேள்வி ஒன்று, ‘ஆம்’ வரவேண்டியவை இரண்டு. பிறகு இல்லைக்கு இரண்டு, ஆமுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிக் கேள். என்ன கேட்பது? கோடையில் மழைக்காலத்துப் பொருளைப் பற்றியும், மழைக்காலத்தில் கோடைப் பொருளைப் பற்றியும் கேள். கம்பளி உடை வேண்டுமா என்று கோடையில் கேட்கலாமா? கூடாது, அவருக்குக் குளிர் கண்டிருக்கலாம், வேண்டும் என்ற பதில் நியாயமாகவே வரலாம். பழங்களைப் பற்றிக் கேள். பருவமில்லாத பழம் யாருக்கும் கிடைக்காது.

கனடாவில் ஆண்ட்ரூ கெர்டெஸ் உருவாக்கி 1982-ல் வெளியான வெஸ்டர்ன் அஃபேசியா பேட்டரி இன்று உலகில் அதிகம் பயன்படும் தேர்வுகளில் ஒன்று. அதில் ஆம்-இல்லைக் கேள்விகள் 20. வாயால் சொல்ல முடியாவிட்டால் தலையசைப்பையும், அதுவும் முடியாவிட்டால் கண் சிமிட்டலையும் ஏற்றுக்கொள்வார்கள். அவற்றில் ஒரு கேள்வி: ஜூலையில் பனி பெய்யுமா? தல்மூத்தின் பருவமில்லாப் பழமும் இந்தப் பனியும் ஒரே தந்திரம். பதிலில் ஆமும் இல்லையும் கலந்து வரவேண்டும், கேள்விக்கு வெளியே அந்தப் பதிலுக்கு வேறு காரணம் இருக்கக் கூடாது என்ற இரண்டு விதிகளையும் யூத அறிஞர்கள் மருத்துவர்களுக்கு முன்பே, மருத்துவ நோக்கம் இல்லாமல் கண்டுபிடித்திருக்கிறார்கள். பனியே பெய்யாத சென்னையில் அந்தக் கேள்வி எதையும் சோதிக்காது என்பதால் இந்திய மொழிகளில் இத்தகைய கேள்விகளை மாற்ற வேண்டியிருக்கிறது. தலையசைப்பிலும் சிக்கல் உண்டு. தமிழர் ‘சரி’ என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் சாய்ப்பார்கள். வெளியூர்ப் பயிற்சி பெற்ற கண்ணுக்கு அது ‘இல்லை’யாகவோ, எதுவும் இல்லாததாகவோ படும்.

தல்மூத் இந்தச் சோதனையை மணமுறிவோடு நிறுத்தவில்லை. கொடுக்கல் வாங்கல், கொடை, சொத்துரிமை ஆகியவற்றுக்கும் நீட்டியது. ஆனாலும் இது ஆம், இல்லை என்ற இரண்டு வாசல்களோடு நின்றுவிடுகிறது. கேள்வி எப்போதும் கேட்பவருடையது. நோயாளி தானாக ஒரு விஷயத்தைத் தொடங்க வழியில்லை. மணமுறிவு வேண்டாம், கடனைத்தான் தீர்க்க வேண்டும் என்று அவர் நினைத்திருந்தால்? யாரும் கேட்காத கேள்விக்கு அவர் எப்படித் தலையசைப்பார்?

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த அன்றாடத் தொடர்பு மதிப்பீடுகள் இந்தக் குறையைத் தொடப் பார்த்தன. 1960-களில் நியூயார்க்கில் மார்த்தா டெய்லர் சார்னோ, நோயாளி நாள்தோறும் செய்யும் 45 செயல்களை, நோய்க்கு முன்பு அவரால் எவ்வளவு முடிந்தது என்பதோடு ஒப்பிட்டு மதிப்பிடும் அட்டவணையைக் கொண்டுவந்தார். 1980-ல் ஆட்ரி ஹாலண்ட் அன்றாட வாழ்வின் தொடர்பாற்றலுக்கென்றே 68 உருப்படிகள் கொண்ட தேர்வை வெளியிட்டார். மருத்துவரைப் பார்க்கப் போவதை நடித்துக் காட்டும் பகுதியும் அதில் உண்டு. இலக்கணம் சரியா என்று அதில் பார்ப்பதில்லை, விஷயம் சேர்ந்ததா என்று பார்க்கிறார்கள். சைகைக்கும் மதிப்பெண் உண்டு. இவர்கள் பேசுவதைவிட நன்றாகத் தொடர்பு கொள்கிறார்கள் என்பது ஹாலண்டின் அடிப்படைக் கண்டுபிடிப்பு. தத்துவத்தில் ஆஸ்டின், கிரைஸ் போன்றவர்கள் சொல்லை ஒரு செயலாக, நோக்கத்தைப் பிறர் அறியச் செய்யும் முயற்சியாகப் பார்க்கத் தொடங்கியிருந்த காலம் அது. அந்தக் காற்று இங்கும் அடித்தது.

அன்றாடம் என்பதை எப்படிக் கையாள்வது என்பதில் நெதர்லாந்தின் இரண்டு தேர்வுகள் எதிரெதிர்த் திசையில் போகின்றன. 1994-ல் வந்த ஆம்ஸ்டர்டாம்-நைமேகன் தேர்வில் சிகிச்சையாளர் தீய்ந்த கறையுள்ள ஒரு சட்டையை எடுத்து நீட்டுவார். நீங்கள் சலவைக் கடைக்கு வந்திருக்கிறீர்கள், சட்டை இப்படித் திரும்பி வந்திருக்கிறது, என்ன சொல்வீர்கள்? பதில் வாய்ப்பேச்சில் வரவேண்டும். கடைக்காரரின் முகம் இல்லை, அவருடைய சமாதானம் இல்லை, குறுக்கே ஒரு சொல்லும் வராது. உண்மையான சலவைக் கடையில், சட்டையை மேசைமேல் விரித்து, கறையில் விரலை வைத்து, கடைக்காரரை ஒரு பார்வை பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். சண்டை போடப் பேச்சு தேவைதான். புகார் செய்யத் தேவையில்லை. 2010-ல் வந்த சினாரியோ தேர்வு இதைத் திருப்பிப் போட்டது. அன்றாடக் காட்சிகள் ஆறு, ஒவ்வொன்றிலும் மூன்று கேள்விகள். பேசலாம், வரையலாம், எழுதலாம், சைகை காட்டலாம். சிகிச்சையாளர் வெறும் நீதிபதியாக இல்லாமல் எதிரில் பேசுபவராகவும் இருந்து, தேவைப்பட்டால் எடுத்துக் கொடுப்பார். எவ்வளவு எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதே மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும். இரண்டில் எது அன்றாடத்துக்கு அருகில் என்றால் இரண்டாவதுதான். ஆனால் தனியொருவரின் ஆற்றலைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டுவது முதலாவது. இரண்டையும் ஒரே தேர்வில் பெற முடியாது.

நடிப்பையே விட்டுவிட்டு, கூட வாழ்பவரைக் கேட்பது இன்னொரு வழி. 1989-ல் ஜோனதன் லோமாஸும் சகாக்களும் அமைத்த பட்டியலில் 16 கேள்விகள். ஒருவரின் கவனத்தை ஈர்ப்பது, வலியைத் தெரிவிப்பது, அந்நியரோடு பேச்சில் கலந்துகொள்வது, பலர் வேகமாகப் பேசும் இடத்தில் ஈடுகொடுப்பது என்று போகும். வீட்டில் இருப்பவர் ஒரு கோட்டில் புள்ளி வைத்து மதிப்பிடுவார். கோட்டின் ஒரு முனை ‘சற்றும் முடியாது’, மறுமுனை ‘முன்பு போலவே’. இங்கே வேறொரு சங்கடம். மதிப்பிடும் மனைவியேதான் அந்தத் தொடர்பின் மறுபாதி. பொறுமை உள்ளவள் கணவனுக்கு அதிக மதிப்பெண் போடுவாள்; அவளிடம் அவர் உண்மையிலேயே நன்றாகச் சொல்லவும் செய்வார்.

உலக சுகாதார நிறுவனம் 2001-ல் ஏற்ற வகைப்பாடு இதற்கு இரண்டு சொற்களைத் தந்தது. சீரான சூழலில் ஒருவரால் செய்ய முடிவது திறன். தம் சொந்தச் சூழலில் அவர் செய்வது செயல்பாடு. இந்தப் பிரிவினை பயனுள்ளது. ஆனால் சீரான சூழல் என்பதும் ஒரு சூழல்தான். வெள்ளை அங்கி, மேசை, கடிகாரம், முன்பின் தெரியாத ஒருவர், கோட்டுப் படங்கள். பாஸ்டன் பெயரிடல் தேர்வின் 60 படங்களில் இக்ளூவும் பிரெட்ஸலும் அஸ்பாரகஸும் இருக்கின்றன. கும்பகோணத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவருக்கு அவற்றில் பூஜ்யம் கிடைத்தால் அது மூளையின் குறையா, படத்தின் குறையா?

தொடர்பு இருவருக்கிடையில்தான் நிறைவு பெறுகிறது என்பதற்கு மிக நெருக்கமான பதிவு, மானுடவியலாளர் சார்லஸ் குட்வின் தம் தந்தையைப் பல ஆண்டுகள் ஒளிப்பதிவு செய்து எழுதியது. நியூயார்க்கில் வழக்கறிஞராக இருந்த அவருக்குப் பக்கவாதத்துக்குப் பின் எஞ்சியவை மூன்று சொற்கள்: ஆம், இல்லை, பிறகு ‘உம்’ என்று இணைக்கும் சொல். இவற்றை ஏற்ற இறக்கத்தோடு, சுட்டுவிரலோடு, மற்றவர் வாயிலிருந்து வரும் சொற்களின்மேல் ஏற்றி அவர் பேசினார். ஒருவர் ஊகமாக ஒரு சொல்லைப் போடுவார், இவர் ‘இல்லை’ என்று தள்ளுவார், அடுத்த ஊகம், கொஞ்சம் நெருங்கினால் ‘இல்லை’யின் தொனி மாறும். கடைசியில் வாக்கியம் முழுமையாகும். சொற்கள் பிறருடையவை, சொல்லியவர் இவர். அந்த வாக்கியத்துக்கு உரியவர் யார் என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

டொராண்டோவில் ஆரா கேகன் இதைச் சோதனைக்கு உட்படுத்தினார். அஃபேசியா உள்ளவர்களோடு உரையாடும் தன்னார்வலர்களில் ஒரு பிரிவினருக்குப் பயிற்சி: மெதுவாகப் பேசு, முக்கியச் சொல்லை எழுதிக் காட்டு, படம் வரை, உங்களுக்கு விஷயம் தெரியும் என்பது எனக்குத் தெரியும் என்று வெளிப்படையாகச் சொல். இன்னொரு பிரிவினருக்குப் பயிற்சி இல்லை. 2001-ல் வெளியான முடிவில், பயிற்சி பெற்றவர்களோடு பேசியபோது நோயாளிகளின் மதிப்பெண்ணும் ஏறியிருந்தது. நோயாளிகளுக்கு யாரும் எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை. அதே மூளை, அதே சேதம், கூடிய ஆற்றல்.

இதே நிலைப்பாட்டுக்கு இந்திய நீதிமன்றம் ஒன்று 1885-லேயே வந்திருந்தது. அலகாபாத் உயர்நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு அது. கழுத்து அறுபட்டுப் பேச முடியாமல் கிடந்த ஒரு பெண்ணிடம் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கேட்டார்கள். ஒரு பெயருக்குக் கையை அசைத்து ஒப்பினார். பிறகு இறந்துபோனார். அந்தக் கையசைவு வாக்குமூலமா? பேரரசி எதிர் அப்துல்லா வழக்கில் உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு, கேட்ட கேள்வியையும் காட்டிய சைகையையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் அது அவர் வாய்மொழியாகச் சொன்னதற்குச் சமம் என்று தீர்த்தது. சொல் கேட்டவருடையது, சாட்சியம் அவளுடையது.

இங்கே ஓர் ஆபத்தும் காத்திருக்கிறது. உதவுபவர் தம் சொல்லையே நோயாளியின் வாயில் வைத்துவிடலாம், அதுவும் தமக்கே தெரியாமல். 1990-களில் அமெரிக்காவில், பேசாத ஆட்டிசக் குழந்தைகளின் கையைப் பிடித்துத் தட்டச்சு செய்ய உதவும் முறை பரவியது. குழந்தைக்கு ஒரு படமும் உதவியாளருக்கு வேறொரு படமும் காட்டிச் சோதித்தபோது, தட்டச்சாகி வந்தது உதவியாளர் பார்த்த படத்தின் பெயர். யாரும் வேண்டுமென்று ஏமாற்றவில்லை, அன்புதான் ஏமாற்றியது. எனவே நல்ல மதிப்பீட்டுக்கு ஒன்றையொன்று முறைக்கும் இரண்டு கடமைகள் உண்டு: முடிந்த உதவியெல்லாம் செய்வது, செய்த உதவியைச் சந்தேகிப்பது. குட்வினின் தந்தையைக் காப்பாற்றியது அவருடைய ‘இல்லை’. தப்பான ஊகத்தைத் தள்ளத் தெரிந்தவரின் ‘ஆம்’ நம்பத்தக்கது. எல்லா ஊகத்துக்கும் தலையாட்டுபவரின் ‘ஆம்’ அவருக்கு உதவுபவரைப் பற்றி மட்டுமே ஏதாவது சொல்லும். தல்மூத்தின் சோதனை இங்கே மறுபடி தேவைப்படுகிறது.

சட்டம் இந்தக் கேள்வியை நாள்தோறும் சந்திக்கிறது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இன் 59-ஆம் பிரிவு, செவி கேளாதவர், வாய் பேசாதவர், பார்வையற்றவர் ஆகியோர் தாம் செய்வது இன்னது என்று அறிந்திருந்தால் உயில் எழுதத் தடையில்லை என்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அஃபேசியாவைப் பேச்சு, மொழிக் குறைபாட்டின்கீழ் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது; அவர்களுக்கும் மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி உண்டு என்கிறது. அதே சட்டத்தில் ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 விழுக்காடு குறைபாடு சான்றளிக்கப்பட வேண்டும். ஒரே மனிதர் சலுகைக்காகத் தம் இழப்பைக் கூட்டிக் காட்டவும், உயிலுக்காகத் தம்மிடம் எஞ்சியதைக் கூட்டிக் காட்டவும் வேண்டியிருக்கிறது. விழுக்காடு முதல் கேள்விக்குத்தான் விடை. இரண்டாவதற்கு அதைக் காட்டி, இவருக்கு 80 விழுக்காடு, ஆகவே கையெழுத்து செல்லாது என்று வாதிடுவது அளவுகோலை மாற்றிப் பிடிப்பது.

உயிலுக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ சம்மதம் பெறும்போது மதிப்பிட வேண்டியது அந்த ஒரு முடிவைத்தான், ஆளை முழுவதுமாக அல்ல. நிலம் யாருக்கு, வீடு யாருக்கு என்பதைப் பிள்ளைகளின் புகைப்படங்களையும் பத்திர நகல்களையும் மேசையில் வைத்துப் பொருத்தச் சொல்லலாம். சிறிது நேரம் கழித்து வரிசையைக் கலைத்து மறுபடி கேட்கலாம். வேண்டுமென்றே தப்பாகப் பொருத்திக் காட்டி, அவர் தடுக்கிறாரா என்று பார்க்கலாம். ஆம், இல்லை, கேள்வியே தப்பு என்ற மூன்று குறிகளையும் எதிரில் எழுதிவைத்தால், யாரும் கேட்காததைச் சொல்ல அவருக்கு ஒரு வாசல் திறக்கும். சொத்தில் பங்குள்ளவர் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். அறிக்கையில் நோயாளியின் பதில்கள் மட்டும் இருந்தால் போதாது. கேட்ட கேள்விகள் கேட்ட வரிசையிலேயே, காட்டிய படங்கள், எடுத்துக் கொடுத்த சொற்கள், அவர் தள்ளிய ஊகங்கள், உடனிருந்தவர்களின் பெயர்கள், அவருக்குப் பேச்சு சற்றே நன்றாக வரும் நேரம் காலையா மாலையா என்பது வரை எல்லாமே பதிவாக வேண்டும்.